உதவி பெற்ற பையனும் பெறாத பையனும்



பாஸ்டன் நகரத்தில் ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்றொரு மருத்துவர் இருந்தார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பேர்பெற்றவர். 1912இல் அவர் செய்த காரியம் உடன் வேலை பார்த்த பலருக்குப் பிடிக்கவில்லை. மூவாயிரம் பிரேதப் பரிசோதனைகளின் குறிப்புகளை எடுத்தார். நோயாளி உயிரோடு இருந்தபோது ‘இன்ன நோய்’ என்று மருத்துவர் எழுதிவைத்ததையும், இறந்த பிறகு உடலைத் திறந்தபோது தெரியவந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சில நோய்களில் கணிப்பு பாதிக்குப் பாதிகூடச் சரியாக இல்லை. தேர்ந்த மருத்துவர்கள், நல்ல மருத்துவமனை, அக்கறையான கவனிப்பு எல்லாம் இருந்தும் பிழை இருந்தது. பிரேதப் பரிசோதனை செய்திராவிட்டால் அந்தப் பிழை யாருக்கும் தெரிந்திருக்காது.

இதே மனிதர்தான் பிற்காலத்தில் குற்றவியல் வரலாற்றின் மிக முக்கியமான பரிசோதனையைத் தொடங்கிவைத்தார். குற்றவியல் ஆராய்ச்சி என்றதும் கைரேகை, ரத்தக்கறை, டி.என்.ஏ. என்று மனம் ஓடுவது இயல்பு. அவை தடயவியலின் எல்லைக்குள் வருபவை. பல்கலைக்கழகக் குற்றவியலின் பெரும்பகுதி வேறொரு கேள்வியைச் சுமந்துகொண்டு அலைகிறது: குற்றத்தைக் குறைப்பதற்காகச் சமூகம் செய்யும் காரியங்கள் உண்மையிலேயே குற்றத்தைக் குறைக்கின்றனவா? ரோந்து, கைது, சிறை, அறிவுரை, சீர்திருத்தப்பள்ளி, விழிப்புணர்வு முகாம் என்று எத்தனையோ செய்கிறோம். எது பலிக்கிறது? எது பலிக்கவில்லை? எது கெடுதல் செய்கிறது? இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கத்தான் அதிகத் துணிவு வேண்டியிருக்கிறது. இன்றைய உரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

1934இல் ஷெல்டன் குளூயெக், எலினார் குளூயெக் என்ற தம்பதியர் பாஸ்டன் சிறார் நீதிமன்றத்துக்கு வந்த ஆயிரம் பையன்களின் கதையைப் புத்தகமாக வெளியிட்டார்கள். அந்த நீதிமன்றம் அன்றைக்கு முன்மாதிரி என்று கொண்டாடப்பட்டது. அப்படியிருந்தும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஐந்தாண்டுகளுக்குள் மறுபடியும் தவறு செய்திருந்தார்கள். கேபட்டை இது உலுக்கியது. நீதிமன்றத்துக்கு வந்த பிறகு திருத்துவது கடினம் என்றால் வருவதற்கு முன்பே கைகொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1905இலேயே மருத்துவமனையில் சமூகப் பணியாளரை அமர்த்தியவர் அவர். நோயாளியின் வீட்டை அறியாமல் நோயை அறிய முடியாது என்று நம்பியவர். அதே நம்பிக்கையைப் பையன்கள் விஷயத்திலும் வைத்தார். ஒவ்வொரு பையனுக்கும் நம்பிக்கையான பெரியவர் ஒருவர், வருடக்கணக்கில் கூடவே இருக்கும் நண்பர் கிடைத்தால் அவன் வழிதவற மாட்டான் என்பது அவர் எண்ணம்.

பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய இரண்டு ஊர்களைத் தேர்ந்தார்கள். நெரிசலான தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த ஊர்கள் அவை. பள்ளிகளும் போலீசும் நலச்சங்கங்களும் பெயர்களைக் கொடுத்தன. ‘தறுதலை’ என்று ஆசிரியர்கள் கைகாட்டிய பையன்களோடு, எந்தப் புகாரும் இல்லாத சாதாரணப் பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். திட்டத்தில் சேர்ந்தவன் என்றாலே கெட்ட பையன் என்ற முத்திரை விழுந்துவிடக் கூடாது என்பதற்காக எடுத்த முன்னெச்சரிக்கை அது. பிறகு வயது, அறிவுத்திறன், குடும்பச் சூழல், குடியிருக்கும் தெரு, சுபாவம் எல்லாம் பார்த்து இரண்டிரண்டு பையன்களாக ஜோடி சேர்த்தார்கள்.

ஒவ்வொரு ஜோடிக்கும் பூவா தலையா போட்டார்கள். ஒருவன் திட்டத்துக்குள் வந்தான். மற்றவன் எப்போதும்போலத் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போனான்.

மூவாயிரம் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்த மருத்துவரின் தழும்பேறிய அறிவு இந்தக் காசு சுண்டலில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த பையன் நல்லவனாக வளர்ந்தால், திட்டத்தால்தான் அப்படி வளர்ந்தானா, இல்லாவிட்டாலும் அப்படித்தான் வளர்ந்திருப்பானா என்று எப்படிச் சொல்வது? பெரும்பாலான சிறுவர்கள் வயதாக ஆகத் தாமாகவே அடங்கிவிடுகிறார்கள். அவனைப் போலவே இருந்து, உதவி மட்டும் கிடைக்காத இன்னொருவனைப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. அந்த இன்னொருவனை யார் தேர்ந்தெடுத்தாலும் பாரபட்சம் உள்ளே நுழைந்துவிடும். காசுக்குப் பாரபட்சம் தெரியாது.

650 பையன்களுடன் தொடங்கிய திட்டத்தில், இடையில் பல ஜோடிகள் நீக்கப்பட்டு, கடைசியில் 506 பேர் நின்றார்கள். 253 ஜோடிகள். 1939 மே மாதம், திட்டம் முழுவீச்சில் ஆரம்பமாகும் தறுவாயில் கேபட் இறந்துபோனார். மற்றவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள். பையன்களுக்கு நண்பர்களாக அமர்த்தப்பட்ட ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இரண்டு முறை பையன்களின் வீடுகளுக்குப் போனார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவ, மனநல உதவி கிடைத்தது. கால்வாசிப் பேர் கோடை முகாம்களுக்குப் போனார்கள். ஆலோசகர்கள் குடும்பச் சண்டைகளில் சமாதானம் பேசினார்கள். பையன்களைப் பந்தயம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். சராசரியாக ஐந்து வருடம் இப்படி நடந்தது. இடையில் உலகப்போர் வந்து ஆலோசகர்கள் சிலரைக் கொண்டுபோயிற்று. 1945 டிசம்பர் கடைசியில் திட்டம் முடிந்தது.

1951இல் எட்வின் பவர்ஸ், ஹெலன் விட்மர் இருவரும் முதல் மதிப்பீட்டை வெளியிட்டார்கள். இரண்டு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது அது. பலரும் நம்ப விரும்பவில்லை. பையன்கள் இன்னும் சின்னவர்கள்தானே, வளர்ந்த பிறகு பலன் தெரியும் என்றார்கள். அந்த ஆறுதலில் நியாயமும் இருந்தது. நல்ல வளர்ப்பின் பலன் இருபது வயதில் தெரியாமல் நாற்பதில் தெரியலாம் அல்லவா?

கோப்புகள் பெட்டிகளில் கிடந்தன. 1950களின் நடுவில் அவற்றை எடுத்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜோன் மெக்கார்ட். கணவர் வில்லியம் மெக்கார்டுடன் சேர்ந்து 1959இல் அந்தப் பையன்களின் குடும்பங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பிறகு சமூகவியல் படித்து, பின்னாளில் டெம்பிள் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், அமெரிக்கக் குற்றவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் ஆனார். 1975இல் அவர் அந்தப் பழைய பெட்டிகளுக்குத் திரும்பி வந்தார். பையன்கள் இப்போது நடுத்தர வயது மனிதர்கள். அத்தனை பேரையும் தேடிப் பிடிப்பது என்று தீர்மானித்தார்.

அந்த வேலையை நினைத்துப் பார்க்க வேண்டும். இணையத் தேடல் என்று ஒன்று இல்லாத காலம். டெலிபோன் டைரக்டரி, வாகனப் பதிவு அலுவலகம், பிறப்பு இறப்புப் பதிவேடு, நீதிமன்ற ஆவணம், மனநல மருத்துவமனைக் குறிப்பு, குடிநோய்ச் சிகிச்சை மையம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். நூற்றுக்கு 95 பேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் சிதறிப்போன ஐந்நூறு சொச்சம் ஏழைச் சிறுவர்களில் ஏறக்குறைய இருபத்தைந்து பேரைத்தான் தவறவிட்டார்கள் என்பது சமூக அறிவியலில் இன்றும் வியக்கவைக்கும் உழைப்பு. பெரிய கோட்பாடு எதையும்விட இந்தப் பொறுமைக்கே குற்றவியல் துறை அதிகம் கடன்பட்டிருக்கிறது.

திட்டத்தில் இருந்தவர்களிடம் அவர் கேட்டார்: அது உங்களுக்கு உதவியதா? மூன்றில் இரண்டு பேர் உதவியது என்றார்கள். சிலர் தங்கள் ஆலோசகரை அன்போடு நினைவுகூர்ந்தார்கள். அந்த மனிதர் இல்லாவிட்டால் ஜெயிலுக்குத்தான் போயிருப்பேன் என்றவர்களும் உண்டு. இங்கேயே நிறுத்தியிருந்தால் திட்டம் அமோக வெற்றி. இன்றைக்கும் எத்தனையோ திட்டங்களின் மதிப்பீட்டு அறிக்கைகள் இதே இடத்தில்தான் நிற்கின்றன. பயனாளிகள் மகிழ்ச்சி தெரிவித்தனர் என்ற வாக்கியத்தோடு.

மெக்கார்ட் நிறுத்தவில்லை. உதவி பெறாத பையன்களின் கணக்கைப் பக்கத்தில் வைத்தார். 1978இல் முடிவுகள் வெளியாயின. மறுபடி மறுபடி குற்றம் செய்தவர்கள் உதவி பெற்ற குழுவில்தான் அதிகம். குடிநோய்க்கு ஆளானவர்களும் அங்கேதான் அதிகம். கடுமையான மனநோய், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, இளவயது மரணம் எல்லாவற்றிலும் அந்தப் பக்கமே தட்டு தாழ்ந்தது. பார்த்த வேலையில் மதிப்பும் திருப்தியும்கூட அவர்களுக்குக் குறைவு. பின்னால் அவர் இன்னும் கறாரான ஒரு கணக்குப் போட்டார். கடுங்குற்றத்துக்குத் தண்டனை, 35 வயதுக்கு முன் மரணம், குடிநோய், தீவிர மனநோய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்திருந்தால் அதைக் கெட்ட முடிவு என்று வைத்துக்கொண்டார். ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் கெட்ட முடிவு நேர்ந்தவை 103 ஜோடிகள். அவற்றில் 39இல் உதவி பெறாதவன் கெட்டிருந்தான். 64இல் உதவி பெற்றவன் கெட்டிருந்தான்.

இதைக் கேட்டு ஆலோசகர்கள் சரியாக வேலை செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். மெக்கார்ட் அதையும் பார்த்தார். எந்தக் குடும்பங்கள் திட்டத்தோடு நன்றாக ஒத்துழைத்தனவோ அந்தப் பையன்களிடத்தில்தான் கெடுதல் தெரிந்தது. ஆலோசகரைக் கிட்டவே சேர்க்காத வீட்டுப் பையன்களுக்கும் அவர்களுடைய ஜோடிகளுக்கும் வித்தியாசம் இல்லை. அதிக காலம், அதிக தீவிரமாக உதவி பெற்றவர்களிடம் கெடுதலும் அதிகம். மருந்தின் அளவு கூடக்கூட விஷம் கூடியிருக்கிறது.

ஏன் இப்படி? பல விளக்கங்கள் வந்தன. ஆலோசகரை நம்பிப் பழகிய பையன், அவர் போன பிறகு தடுமாறியிருக்கலாம். நடுத்தர வர்க்கத்துப் படித்த மனிதர் ஒருவரின் மதிப்பீடுகளை உள்வாங்கிக்கொண்டு, வீட்டுக்கும் தெருவுக்கும் பொருந்தாதவனாகியிருக்கலாம். வாழ்க்கை பெரிதாக ஏதோ தரப்போகிறது என்று ஆசை வளர்ந்து, தராதபோது உடைந்திருக்கலாம். ஒருவர் மாதம் இரண்டு முறை வந்து விசாரிக்கிறார் என்றால் தன்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவனே முடிவு கட்டியிருக்கலாம்.

மெக்கார்டின் கண்ணில் கடைசியாகப் பட்டது கோடை முகாம். ஒருமுறைக்கு மேல் முகாமுக்கு அனுப்பப்பட்ட பையன்களிடம்தான் சேதம் மிக அதிகமாகக் குவிந்திருந்தது. முகாமில் வயதொத்த பையன்கள் கூடுகிறார்கள். இரவில் பெரியவர்கள் தூங்கிய பிறகு என்ன பேசுவார்கள்? யார் எதைத் திருடினான், எந்த வாத்தியாரை எப்படி ஏமாற்றினான் என்ற வீரப்பிரதாபம்தான். ஒருவன் சொல்ல நால்வர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு ஒரு பரிசு. 1990களில் ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளர், பிரச்சினைக்குரிய பதின்வயதினரைக் கூட்டாக உட்காரவைத்து நடத்திய பயிற்சியிலும் இதே போக்கைக் கண்டார். புகைபிடிப்பதும் அடாவடியும் கூடின. 1999இல் அவரும் மெக்கார்டும் பிரான்சுவா புலேனும் சேர்ந்து எழுதிய கட்டுரை, தவறு செய்யும் பையன்களை ஒரே இடத்தில் சேர்த்துவைப்பதன் ஆபத்தை உலகுக்குச் சொன்னது. கூர்நோக்கு இல்லங்களையும் சிறார் முகாம்களையும் நடத்துகிற எந்த அரசும் படிக்க வேண்டிய கட்டுரை அது.

நேர்மைக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெக்கார்ட் 2004இல் காலமானார். பிராண்டன் வெல்ஷ் தலைமையில் வேறு ஆய்வாளர்கள் அந்த 506 பேரின் கதையை எண்பது தொண்ணூறு வயதுவரை தொடர்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் இறந்துவிட்டிருந்தார்கள். முழு ஆயுளையும் கணக்கில் எடுத்தபோது, மரண விகிதத்தில் இரு குழுக்களுக்கும் நம்பத்தகுந்த வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. நடுவயதில் தெரிந்த மரணக் கணக்கு இறுதிவரை நிலைக்கவில்லை. ஆனால் நல்ல பலன் என்று ஒன்று எங்கேயும் தென்படவும் இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் உலகம் திருந்திவிடவில்லை. 1976இல் நியூஜெர்சி மாநிலத்து ராவே சிறையில் ஆயுள் கைதிகள் சிலர் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். தவறான வழியில் போகும் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துவந்து, அங்கே என்னென்ன கொடுமை நடக்கும் என்று முகத்துக்கு நேரே கத்திப் பயமுறுத்துவது. கைதிகளுக்கு அதில் உண்மையான அக்கறை இருந்தது. நாங்கள் கெட்டதுபோல் நீங்கள் கெடாதீர்கள் என்ற தவிப்பு. 1978இல் இது ‘ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்’ என்ற ஆவணப்படமாயிற்று. மறுவருடம் ஆஸ்கர் விருது வாங்கிற்று. பத்தில் எட்டு ஒன்பது பேர் திருந்திவிட்டதாகப் படம் சொன்னது. மாநிலம் மாநிலமாக இந்த நிகழ்ச்சி பரவியது.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபின்கெனவர் எண்ணிப் பார்த்தார். சிறைக்குப் போய்வந்த சிறுவர்களில் 41 சதவீதம் பேர் அடுத்த ஆறு மாதத்தில் குற்றம் செய்திருந்தார்கள். போகாத ஒப்பீட்டுக் குழுவில் 11 சதவீதம். அவருடைய ஆய்வில் குலுக்கல் ஒழுங்காக நடக்கவில்லை என்ற குறை உண்டு. எனவே ஆந்தனி பெட்ரோசினோவும் சகாக்களும் 1967 முதல் நடந்த ஒன்பது பரிசோதனைகளையும் ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். சேர்த்துப் பார்த்தாலும் அதே விடைதான். சும்மா விட்டிருந்தால் செய்திருக்கக்கூடியதைவிட இந்தச் சிறுவர்கள் அதிகக் குற்றம் செய்தார்கள். அப்படியும் 2011இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று இதே கருவை வைத்து ஒரு தொடரை ஆரம்பித்தது. நீதித்துறை அமைச்சக அதிகாரிகளே பத்திரிகையில் கட்டுரை எழுதி, இது கெடுதல் செய்யும் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. தொடர் 2015வரை ஓடியது. பயந்து அழும் சிறுவனின் முகத்தைத் திரையில் பார்க்கும்போது, திருந்திவிட்டான் என்று எவருக்கும் தோன்றும். ஆறு மாதம் கழித்து அவன் என்ன செய்தான் என்பதைக் கேமரா காட்டுவதில்லை.

இந்த இடத்தில் மனசாட்சியுள்ள கேள்வி ஒன்று எழும். பையன்களைக் காசு சுண்டிப் பிரிப்பது நியாயமா? உதவி தேவைப்படும் ஒருவனுக்கு, தலை விழுந்தது என்பதற்காக இல்லை என்று சொல்லலாமா? ஏழைகளின் பிள்ளைகளை எலிகளைப்போல் நடத்துவதாகிவிடாதா? மேலோட்டமான பதில் போதாது. கேம்பிரிட்ஜ், சாமர்வில் பையன்களுக்கு இந்த ஆய்வின் பொருள் விளக்கப்பட்டு, அவர்கள் சம்மதித்தா சேர்ந்தார்கள்? அக்காலத்தில் அந்த வழக்கமே இல்லை. இன்றைய நெறிமுறைக் குழுக்கள் அதை அப்படியே அனுமதித்திருக்க மாட்டா. ஆனால் எதிர்த்தரப்பையும் பார்க்க வேண்டும். ஒரு திட்டம் நன்மையா தீமையா என்று தெரியாத நிலையில், அதை எல்லோருக்கும் ஒரேயடியாகக் கொடுப்பதும் பரிசோதனைதான். பதிவேடு இல்லாத, முடிவு தெரியாத பரிசோதனை. கேபட் காசு சுண்டாமல் 506 பையன்களுக்கும் உதவியிருந்தால் 506 பேருக்கும் அந்த ஆபத்து நேர்ந்திருக்கும். அதை யாரும் அறிந்திருக்கவே மாட்டார்கள்.

போலீஸ் துறைக்குள் இந்தப் பரிசோதனை முறை நுழைந்த கதை தனி. 1972 அக்டோபரிலிருந்து ஓராண்டு கான்சஸ் நகரில் பதினைந்து ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் ரோந்து வழக்கம்போல. ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு. ஐந்தில் அழைத்தால் மட்டும் வண்டி வரும். ஜார்ஜ் கெல்லிங் தலைமையில் நடந்த இந்த ஆய்வில் குற்றத்திலும் மக்களின் பயத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ரோந்து மாறியதையே மக்கள் கவனிக்கவில்லை.

பத்தாண்டு கழித்து மினியாபொலிஸ் நகரில் இன்னும் நுட்பமான கேள்வி. மனைவியை, துணைவியை அடித்தவனை என்ன செய்வது? அன்றைய அமெரிக்கப் போலீசார் பெரும்பாலும் சமாதானம் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். லாரன்ஸ் ஷெர்மனும் ரிச்சர்ட் பெர்க்கும் 1981-82இல் 314 சம்பவங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். கைது செய்வது, அறிவுரை சொல்வது, எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே அனுப்புவது என்று மூன்று வழிகள். எந்த வழி என்பதைப் போலீஸ்காரரின் கையில் இருந்த வண்ணத்தாளின் நிறம் சொல்லும். ஆறு மாதத்துக்குள் மறுபடியும் வன்முறை செய்தவர்கள், போலீஸ் பதிவுகளின்படி, கைதானவர்களில் 10 சதவீதம். அறிவுரை கேட்டவர்களில் 19. வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24. செய்தி தீயாய்ப் பரவியது. பெண்கள் இயக்கங்கள் வெகுகாலமாகக் கேட்டுவந்த கட்டாயக் கைதுச் சட்டங்களுக்கு அது வலுச் சேர்த்தது. மாநிலங்கள் வரிசையாகச் சட்டம் இயற்றின.

ஒரே ஒரு நகரத்தின் 314 சம்பவங்களை நம்பித் தேசமே திரும்பியது அவசரம் என்று ஷெர்மனுக்கே பின்னால் தெரிய வந்தது. வேறு ஐந்து நகரங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது ஊருக்கு ஒரு விடை கிடைத்தது. மில்வாக்கி, ஒமாஹா, சார்லட் நகரங்களில் காலப்போக்கில் கைது வன்முறையைக் கூட்டியது. வேலையில் இருப்பவனைக் கைது தடுத்தது. வேலையற்றவனை அது மேலும் மூர்க்கனாக்கியது. இழக்க ஏதாவது இருப்பவன்தான் அவமானத்துக்கு அஞ்சுகிறான் போலும்.

மில்வாக்கியின் 1,200 சம்பவங்களை ஷெர்மனும் ஹெதர் ஹாரிசும் 23 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. துணைவன் எச்சரித்து விடப்பட்ட பெண்களைவிட, துணைவன் கைதான பெண்கள் இறந்திருந்த வாய்ப்பு 64 சதவீதம் அதிகம். அவர்கள் பெரும்பாலும் கொலை செய்யப்பட்டு இறக்கவில்லை. இதயநோய் போன்ற காரணங்களால் இறந்தார்கள். கறுப்பினப் பெண்களிடம் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. துணைவன் கைதாகி விலங்கோடு போவதை வாசலில் நின்று பார்த்த அதிர்ச்சியா, அதற்குப் பின் வந்த வறுமையா என்பது இன்னும் தீர்ந்த விஷயம் அல்ல. அடிப்பவனை விட்டுவிட வேண்டும் என்று எந்த ஆய்வாளரும் இதிலிருந்து சொல்லவில்லை; சொல்லவும் கூடாது. கைதோடு அரசின் கடமை முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுவதைத்தான் இந்த எண்கள் கேள்வி கேட்கின்றன. அந்தப் பெண்ணின் அடுத்த மாதத்து வாடகை என்ன ஆகும்? அவளுடைய தூக்கம் என்ன ஆகும்?

எதுவுமே பலிக்காது என்ற விரக்தி தேவையில்லை. பலித்தவையும் குலுக்கல் வழியாகவே தெரிந்தன. மினியாபொலிசில் ஒரு வருட அவசர அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்தபோது, நகரத்தின் மூன்று சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. ஊர் முழுதும் சுற்றாமல் அந்த மூலைகளில் கவனம் வைத்த ரோந்து குற்றத்தைக் குறைத்தது. பக்கத்துத் தெருவுக்குக் குற்றம் நகர்ந்துவிடும் என்ற அச்சமும் பெரும்பாலும் பொய்த்தது. லைபீரியாவின் மன்ரோவியா நகரில், உள்நாட்டுப் போருக்குப் பின் திருட்டிலும் போதைப்பொருளிலும் உழன்ற 999 ஆண்களிடம் கிறிஸ்டோபர் பிளாட்மன் குழுவினர் ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலருக்கு எட்டு வாரம் கோபத்தை அடக்கவும் நிதானமாக யோசிக்கவும் பயிற்சி. சிலருக்கு 200 டாலர் பணம். சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவும் இல்லை. பணத்தைக் குடித்தே தீர்ப்பார்கள் என்று பலர் சொன்னார்கள், அப்படி நடக்கவில்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் பலன் ஒரு வருடத்தில் தேய்ந்தது. பயிற்சியும் பணமும் சேர்ந்து பெற்றவர்களிடம் பத்து வருடம் கழித்தும் குற்றம் ஏறக்குறையப் பாதியாகவே இருந்தது.

இந்தியாவிலும் இப்படிப்பட்ட வேலை நடந்திருக்கிறது. ராஜஸ்தானில் 2005 முதல் சில ஆண்டுகள், 11 மாவட்டங்களின் 162 காவல் நிலையங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்களும் அம்மாநிலக் காவல் அதிகாரி நீனா சிங்கும் சேர்ந்து சில சீர்திருத்தங்களைச் சோதித்தார்கள். அடிக்கடி இடமாற்றம் செய்வதை நிறுத்துவது, புலனாய்வும் மக்களிடம் பேசிப் பழகும் விதமும் கற்றுத் தருவது, ஊர்க்காரர் ஒருவரை நிலையத்தில் உட்காரவைப்பது, வேலையை முறைவைத்து மாற்றிக் கொடுப்பது, வாரம் ஒருநாள் விடுமுறை தருவது. கூடவே ஆய்வுக்குழு ஆட்கள் பொதுமக்கள்போல் நிலையத்துக்குப் போய் ஒரு திருட்டுப் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். போடத் தயாராகிறார்களா என்று பார்த்தார்கள். வருபவன் உண்மையான புகார்தாரனா, பரிசோதகனா என்ற சந்தேகம் பரவியதே நிலையங்களின் நடத்தையைச் சற்று மாற்றியது. பயிற்சியும் இடமாற்றத் தடையும் பலன் தந்தன. வார விடுமுறையும் ஊர்ப் பார்வையாளரும் தெளிவான பலன் எதையும் காட்டவில்லை. அவை கெட்ட யோசனைகள் என்று அதற்குப் பொருள் இல்லை. நிலைய அளவில் அவை தொடர்ந்து நடைமுறைக்கு வரவே இல்லை. மேலிடத்து ஆணை கீழே போகப்போகக் கரைந்துபோயிற்று.

அதே மாநிலத்தில் பின்னால் குடிபோதை வாகனச் சோதனையையும் இதே முறையில் பார்த்தார்கள். ஒரே இடத்தில் தடுப்பு வைத்தால் ஓட்டுநர்கள் பக்கத்துச் சாலையில் போய்விடுகிறார்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்த நிலையங்களில் இரவு விபத்து 17 சதவீதமும் இரவு மரணம் 25 சதவீதமும் குறைந்தன. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், பெண்களுக்கான உதவி மேசை வைத்த நிலையங்களில் வழக்குப்பதிவு கூடியது. மேசையில் பெண் காவலர் இருந்தபோது இன்னும் கூடியது.

தமிழ்நாட்டிலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காவலர்களுக்கு வார விடுமுறை வழங்க 2021இல் தமிழக அரசு ஆணையிட்டது. ராஜஸ்தானில் கரைந்துபோன அதே சீர்திருத்தம். பாரா டியூட்டி, கோயில் திருவிழா, தலைவர் வருகை, பந்தோபஸ்து என்று வாரம் முழுதும் நிற்கும் ஒரு காவலர் அந்த ஒரு நாளை உண்மையில் எத்தனை வாரம் எடுத்தார்? நிலையத்தின் பொது நாட்குறிப்பிலும் ரைட்டரின் டியூட்டிப் பதிவேட்டிலும் அதற்கு விடை இருக்கிறது. விடுமுறை முறையாகக் கிடைத்த நிலையங்களில் புகார் கொடுக்கப் போனவர் எப்படி நடத்தப்பட்டார், கிடைக்காத நிலையங்களில் எப்படி நடத்தப்பட்டார் என்று ஒப்பிடலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு: நல்ல காவல் ஆய்வாளர் இருக்கும் நிலையத்தில் விடுமுறையும் கிடைத்திருக்கும், புகார்தாரருக்கு மரியாதையும் கிடைத்திருக்கும். எது எதனால் என்று சொல்ல முடியாது. ஆகவே கூடுதல் ஆள் கொடுத்து விடுமுறையை உறுதிசெய்யும் வேலையை எந்த நிலையத்தில் முதலில் தொடங்குவது, எதில் அடுத்த ஆண்டு தொடங்குவது என்பதை மட்டும் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தால் போதும். யாருக்கும் எதுவும் மறுக்கப்படாது, வரிசைதான் மாறும். ஒரு குற்றவியல் மாணவர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. ஆணையும் பதிவேடும் ஏற்கெனவே இருக்கின்றன. வேண்டியது உள்துறையின் ஒப்புதலும், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்ற முன்கூட்டிய வாக்கும்.